ஏழு மணிக்குள் ஆஜர்

பதினொரு வருடமாக எனக்குக் காலை ஐந்தரைக்கு விடிகிறது. பட்டாளத்தை விட்டு வந்து இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. பட்டாளம்தான் என்னை விட்டபாடில்லை. பல் தேய்த்துவிட்டு ஒரு கிளாஸ் டீயோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து, நோட்டையும் போனையும் எதிரே வைத்துக்கொண்டால் ஏழு மணி வரை அசையக் கூடாது. எங்கள் முன்னாள் ராணுவ வீரர் சங்கத்தில் வீட்டில் தனியாக இருக்கிற ஆட்கள் இருபத்துமூன்று பேர். ஒவ்வொருவரும் ஏழு மணிக்குள் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு ரிங், உடனே கட். நான் எடுக்கக் கூடாது. 'உயிரோடு இருக்கிறேன், எழுந்துவிட்டேன், யாரும் வர வேண்டாம்' என்று அதற்கு அர்த்தம். நான் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு டிக் போடுவேன். ஏழு தாண்டியும் டிக் விழாவிட்டால் யாராவது அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். யாராவது என்றால் வேறு யார், நான்தான். இதற்கு நாங்கள் வைத்த பெயர் ஆஜர்.

ஆரம்பித்தவனும் நானேதான், வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது. எங்களோடு பியூகிள் ஊதுகிற ஒருவர் இருந்தார். மனைவி போன பிறகு தனிக்கட்டை. அவர் இறந்து கிடந்தது நாலாம் நாள்தான் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தது, அதுவும் வாடையால். அந்த வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "இனிமே நம்ம ஆளு ஒருத்தன்கூட இப்படிக் கிடக்கக் கூடாது" என்று வாயைக் கொடுத்தேன். சரி, நீயே பார்த்துக்கொள் என்று தலையில் கட்டிவிட்டார்கள். பட்டாளத்தில் வயர்லெஸ் செட்டில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு ஏற்கெனவே சிக்னல் என்றுதான் பெயர்.

பதினொரு வருடத்தில் ஒரு நாள் லீவு கிடையாது. மகள் கல்யாணத்தன்றுகூட மண்டபத்து மாடிப்படியில் நின்று டிக் போட்டேன். காய்ச்சல் வந்தாலும் டிக், கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணைக் கட்டியிருந்தபோதும் டிக். மகள் வேலை மாறி வேறு ஊருக்குப் போய் நாலு வருடமாகிறது. அங்கே போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வர வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. நாலு வருடமாக "அடுத்த மாசம்" என்று சொல்லிச் சொல்லி என் வாயே புளித்துவிட்டது. இடது முழங்கால் வேறு தேய்ந்துவிட்டது. ஒரு மைல் நடந்து போய்க் கதவைத் தட்டினால் திரும்பி வரும்போது கண்ணில் பூச்சி பறக்கும். போதுமடா சாமி என்று ஆகிவிட்டது எனக்கு. வெளியே சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

அந்த வெட்கத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் விட்டேன். தபால் ஆபீஸ் மாடியில் எங்களுக்கு ஓர் அறை உண்டு. எழுந்து நின்று, "என்னை ரிலீவ் பண்ணுங்க. என்னால முடியல" என்றேன்.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்கள். எல்லைக் காவலில் நின்ற ஆட்கள், குண்டுக்குப் பயப்படாத ஆட்கள்! ஒரு நோட்டைக் கண்டு பயந்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "தாராளமா போய்யா. ஆனா ஒரு ஆளைப் பிடிச்சுக் கொடுத்துட்டுப் போ."

அதற்குப் பெயர் ரிலீவா? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் உயிரை வாங்குவதற்கென்றே அந்த இருபத்துமூன்றில் ஒருவனாக இருந்தவன். மலைப்பாதையில் ராணுவ லாரி ஓட்டியவன், இப்போது சங்கத்தின் பழைய வேனை ஓட்டுகிறான். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழரைக்கு மூன்று கிட்னி நோயாளிகளை ஏற்றிக்கொண்டு, ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், மதியம் திரும்பக் கொண்டுவந்து விடுவான். ஆறு வருடத்தில் அந்த வண்டி ஒரு நிமிடம் பிந்தியதில்லை. ஆனால் ஆஜர் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் வராது. போன் போட்டால் எடுக்கவும் மாட்டான். முழங்காலை இழுத்துக்கொண்டு, லேத் பட்டறையைத் தாண்டி, தெருக்கோடியில் இருக்கிற அவன் வீட்டுக்குப் போனால் கதவு விரியத் திறந்திருக்கும். ஆள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பான்.

"அடடே, வா வா. மறந்தே போச்சுடா" என்பான். டீயை நீட்டுவான். நானும் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு, குடித்துவிட்டு வருவேன்.

அந்தக் கூட்டம் நடந்த வாரம் வியாழக்கிழமையும் ஆஜர் வரவில்லை. போனேன். அன்றுதான் ஒன்று என் கண்ணில் பட்டது. நான் வாசலில் கால் வைப்பதற்கு முன்பே மேசை மேல் இரண்டு கிளாஸில் டீ ஊற்றி, ஆறாமல் இருக்கத் தட்டால் மூடி வைத்திருந்தான். எதிரே இன்னொரு நாற்காலியும் துடைத்துப் போட்டிருந்தது. நான் ஒரு மடையன். எத்தனையோ வருடமாக அந்த இரண்டாவது கிளாஸை வாங்கிக் குடித்திருக்கிறேன், அது எப்படி எனக்கு முன்னால் அங்கே வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"வேணும்னேதான் கொடுக்காம இருக்கியா?" என்றேன்.

அவன் பேப்பரை மடித்தான்.

"ஏன்டா, நான் என்ன உன் வீட்டு வேலைக்காரனா? ஒவ்வொரு தடவையும் நீ செத்துட்டியோன்னு நினைச்சு நினைச்சு வரேன். வழியெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்குது. நீ இங்க டீ போட்டு வெச்சுக்கிட்டு விருந்தாளிக்குக் காத்திருக்க!"

தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். பட்டறையில் லேத் ஓடாத நேரம், அங்கிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக, "ரிலீவ் கேட்டியே, அந்த நோட்டை என்கிட்ட கொடேன். நான் பார்த்துக்கறேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நல்ல சிரிப்பு இல்லை. "உன் ஆஜரையே ஒழுங்கா கொடுக்கத் துப்பில்ல. நீ ஊரு ஆஜரை எடுக்கப் போறியா?"

"கொடுத்தா?"

"என்ன கொடுத்தா?"

"ஒழுங்கா கொடுத்தா தருவியா?"

கோபத்தில்தான் சொன்னேன். "முப்பது நாள். ஒரு நாள் விடாம ஏழு மணிக்குள்ள வரணும். ஒரு நாள் தவறினாலும் நோட்டைப் பத்தி நீ பேசவே கூடாது."

"சரி" என்றான். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் ஆறு ஐம்பதுக்கு ஒரு ரிங், கட். அதற்கு மறுநாளும் ஆறு ஐம்பது. கடிகாரத்தை அவன் ரிங்கை வைத்துத் திருத்தலாம் போல இருந்தது. பத்து நாள் ஆனது, பதினைந்து ஆனது. முதலில் நம்பாமல்தான் டிக் போட்டேன். இருபதைத் தாண்டியதும் எனக்குள்ளே ஏதோ துள்ள ஆரம்பித்தது. பேனாவை எடுக்கும்போதே மகள் வீட்டுப் பால்கனி தெரிந்தது. மனைவி பரண்மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தாள்.

"நிஜமாவே போறோமாங்க?" என்றாள்.

"இன்னும் ஒன்பது நாள்."

"அந்த அண்ணன் தவறாம கொடுக்கணுமே."

"கொடுப்பான். நான் போட்ட போடு அப்படி" என்று மீசையைத் தடவிக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்த மீசையைப் பிடுங்கிப் போடலாம் என்று இருக்கிறது.

இருபத்தெட்டாவது நாள் வியாழக்கிழமை. ஆறு ஐம்பதுக்கு ரிங் வந்தது, டிக் போட்டேன். அன்று சாயங்காலம் சங்கத்து அறையில் கம்பவுண்டரைப் பார்த்தேன். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், வேனில் நோயாளிகளோடு கூடவே போகிறவர்.

"டிரைவர் நேத்தும் டீக்கடைப் பக்கம் வரல, இன்னைக்கும் வரல. போய்ப் பார்க்கலாமா?" என்றார்.

"காலையில ஆஜர் வந்தாச்சே. ஆளு நல்லாத்தான் இருக்கான். எதுக்குப் போகணும்?" என்றேன்.

இதைச் சொன்னவன் நான். பியூகிள்காரர் வீட்டு வாசலில் நின்று இதை ஆரம்பித்த அதே ஆள் இதைச் சொன்னேன். எனக்கு அந்த டிக் போதுமாக இருந்தது. இன்னும் இரண்டு டிக் வந்தால் விடுதலை. நடுவில் போய் எதையாவது கிளறிவிட எனக்கு மனசில்லை. கம்பவுண்டரும் ஆஜர் வந்துவிட்டதென்றால் சரி என்று போய்விட்டார். எங்கள் ஆட்கள் அப்படித்தான். நோட்டில் டிக் இருந்தால் அதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டோம்.

வெள்ளிக்கிழமையும் ஆறு ஐம்பதுக்கு வந்தது. இருபத்தொன்பது. அன்று மட்டும் ரிங் முழுசாகக்கூட அடிக்கவில்லை, தொடங்கும்போதே நின்றுவிட்டது. பெயர் தெரிந்தது, அது போதும் என்று டிக் போட்டேன்.

ஏழு நாற்பதுக்குக் கம்பவுண்டர் போன் செய்தார். "வண்டி இன்னும் வரலைய்யா. மூணு பேரும் ரோட்டுல நிக்கறாங்க. டிரைவர் போன் சுவிட்ச் ஆஃப்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆஜரைக் கொடுத்துவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறான்! நாளையோடு நோட்டு கைக்கு வந்துவிடும் என்ற திமிர்! கம்பவுண்டரை அங்கே வரச் சொல்லிவிட்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவனைக் காப்பாற்ற நான் போகவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் போனேன்.

வீட்டு முன்னால் வேன் நின்றது, கண்ணாடியெல்லாம் புழுதி. தினமும் துடைக்கிறவன் அவன். வாசலில் இரண்டு நாள் பேப்பர் பிரிக்காமல் கிடந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கைத்தடியால் அடித்தேன், பெயர் சொல்லிக் கத்தினேன். பட்டறையிலிருந்து ஒருவர் கம்பியோடு ஓடிவந்து நெம்பினார். தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்தது.

குளியலறையில் கிடந்தான். ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, பார்க்கவே கூடாத கோணத்தில். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தான். கை எட்டுகிற உயரத்தில் குழாய், அதன் கீழே ஒரு மக். உதடெல்லாம் வெடித்திருந்தது. சட்டைப் பையில் போன்.

என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி இது. "இன்னைக்கு டிக் போட்டியா?"

"போட்டேன்டா" என்றேன்.

"இருபத்தொம்பது" என்றான். பிறகு, "சாவி ஆணியில தொங்குது. அவங்க மூணு பேரும் காத்திருப்பாங்க, சீக்கிரம் போங்க" என்றான்.

ஆம்புலன்சுக்குக் காத்திருக்கவில்லை. கம்பவுண்டர் வந்து காலுக்கு இரண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டினார். பட்டறை ஆட்கள் ஒரு கதவுப் பலகையில் வைத்து அவனைத் தூக்கி வேனுக்குள் கிடத்தினார்கள். கம்பவுண்டரே வண்டியை எடுத்தார். வழியில் அந்த மூன்று நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டோம். ஒரு அம்மா தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தலையைத் தன் காலோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். வண்டி குலுங்கும்போதெல்லாம் டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "கிளட்சை மெதுவா விடுய்யா, அது என்ன உன் எதிரியா?" என்றான்.

புதன்கிழமை காலை ஆஜர் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனவன் வழுக்கி விழுந்திருக்கிறான். இரண்டு பகல், இரண்டு ராத்திரி. போனில் கொஞ்சம்தான் சார்ஜ் இருந்திருக்கிறது. அணைத்து வைத்து, காலையில் மட்டும் போட்டு, எனக்கு ஒரு ரிங் கொடுத்துவிட்டு மறுபடியும் அணைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை கடைசிச் சொட்டு. முதலில் ஆஜர், பிறகு கம்பவுண்டருக்குப் போன் போட்டு வண்டியை எடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தானாம். ஆஜர் போனதும் போன் செத்துவிட்டது.

அன்று மதியமே இடுப்பில் கம்பி வைத்தார்கள். மறுநாள் காலை நான் வழக்கம்போல மேசையில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு ரிங் வந்தது, இருபத்திரண்டு டிக். அவன் பெயருக்கு எதிரே கட்டம் காலி. ஆறு ஐம்பதுக்குப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து பக்கத்தில் நின்று பெட்டியைத் திரும்பப் பரண்மேல் வைக்க எடுத்தாள்.

"இருக்கட்டும், வை" என்றேன்.

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டில். முகம் சுருங்கிப் பாதியாகியிருந்தான். என்னைப் பார்த்ததும், "போன் இல்லடா. நர்ஸம்மாகிட்ட கேட்டேன், காலையில எட்டு மணிக்கு மேலதான் தருவேன்னுட்டாங்க. முப்பது ஆகல. ரூல்னா ரூல்தான், நான் ஒண்ணும் சொல்லல" என்றான்.

நோட்டைத் திறந்து அந்த இரண்டு டிக்கையும் காட்டினேன். "இது ரெண்டும் பொய். அடிச்சுடப் போறேன்."

"ஏன் அடிக்கற? உயிரோடதானே இருந்தேன்?"

"ஆஜர்னா யாரும் வர வேணாம்னு அர்த்தம்டா, நாயே. இடுப்பு ஒடிஞ்சு தண்ணிக் குழாய்க்குக் கீழ கிடந்துக்கிட்டு, வர வேணாம்னு எனக்குச் சொல்லியிருக்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தா..."

"வந்திருப்ப. வந்தா பார்த்திருப்ப. இவனா ஆஜர் எடுக்கப் போறான்னு சொல்லியிருப்ப. ரெண்டு நாள்ல எழுந்துடலாம்னு நினைச்சேன்."

"அந்த நோட்டுல என்னடா இருக்கு? எனக்கு அதைப் பார்த்தாலே எரியுது. ஊருல ஒருத்தன் தொட மாட்டேங்கறான். உனக்கு மட்டும் எதுக்கு?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தினம் காலையில இருபத்திரண்டு பேர் என்னைக் கூப்பிடுவாங்கடா" என்றான்.

எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. முழங்கால் விடவில்லை. பதினொரு வருடமாக அந்த ரிங்கைக் கழுத்தறுப்பு என்று நினைத்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் அதற்காகத் தரையில் கிடந்திருக்கிறான். அழுதேன். கூச்சமெல்லாம் படவில்லை. நர்ஸம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நோட்டை அவன் நெஞ்சின் மேல் வைத்தேன். "முதல் தேதியிலேர்ந்து உன்னுது. ஒரு கண்டிஷன். மிஸ்டு கால் கிடையாது. எடுத்துப் பேசணும். குரலைக் கேட்டுட்டுத்தான் டிக் போடணும்."

"அதுக்குத்தானே கேட்டேன், மக்கு" என்றான்.

தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, படுத்துக் கிடக்கிற ஆளிடம் டியூட்டியா என்று என்னை முறைத்தார். வேறு ஆள் தருகிறீர்களா என்றேன். அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். காலையில் அந்த வார்டில் போன் அடித்துக்கொண்டே இருக்கும் என்று நர்ஸம்மா சண்டைக்கு வந்தார்கள். நடந்ததைக் கம்பவுண்டர் சொன்னதும், மணிச் சத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டு பேசுங்கள் என்று விட்டுவிட்டார்கள். வேனைக் கம்பவுண்டர் ஓட்டுகிறார். கிளட்ச் இன்னும் அலறுகிறது. டிரைவர் இனிமேல் வண்டி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அவனிடம் யார் சொல்வது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவனே தெரிந்துகொண்டு, வேன் சாவியைத் தானாகக் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டான்.

முதல் தேதி வந்தது. தூங்கலாம் என்றுதான் படுத்தேன். ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது. பல் தேய்த்தேன், டீ போட்டேன், மேசையில் வந்து உட்கார்ந்தேன். நோட்டு இல்லாத மேசை மொட்டையாக இருந்தது. மறுநாள் மகள் ஊருக்கு ரயில். பெட்டி கதவோரம் தயாராக நின்றது. ஆறேகால் ஆனது, ஆறரை ஆனது. போன் அப்படியே கிடந்தது. இத்தனை வருடம் நான் கேட்ட விடுதலை இதுதான். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். டீ ஆறிப்போய்விட்டது.

ஏழு அடித்து இரண்டு நிமிடம் ஆனதும் போன் அலறியது. ஒரு ரிங்கில் கட்டாகவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. பழக்க தோஷம், எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் எடுத்தேன்.

"எங்கடா உன் ஆஜர்?" என்றான் டிரைவர். "எல்லாரும் பேசிட்டாங்க. நீ ஒருத்தன்தான் பாக்கி. கதவைத் தட்ட ஆள் அனுப்பட்டுமா?"

"என் பேரு அதுல இல்லையேடா. எனக்குத்தான் வீட்டுல ஆள் இருக்கே."

"நேத்தே எழுதிட்டேன். பதினோரு வருஷமா உன்னை யாருய்யா கேட்டா? இருக்கியா, இல்லையா, சொல்லு. எனக்கு டிக் போடணும்."

"இருக்கேன்" என்றேன்.

"கேக்கல. பட்டாளத்துல இப்படித்தான் சொன்னியா?"

"இருக்கேன்டா!" என்று கத்தினேன்.

உள்ளே மனைவி விழித்துக்கொண்டு, யாரோடு சண்டை போடுகிறேன் என்று கேட்டாள்.